முப்பத்தொரு சக்கரம்: கோட்டம் எடுக்கப் பழகிய கணக்கு

அம்மாவின் சைக்கிள் பன்னிரண்டு வருடமாக மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. மாடு போய்விட்டது, கொட்டகை மட்டும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓடு மாற்றுவதற்காக அதைக் காலி செய்தபோது சைக்கிளை வெளியே இழுத்துப் போட்டேன். முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுழற்றினால், ரிம் ஃபோர்க்கின் இடது காலில் உரசி, வலது காலில் உரசி, அரைச் சுற்றில் நின்றது. பக்கவாட்டு ஆட்டம் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம். இந்தக் கோணலைத்தான் கோட்டம் என்பார்கள், அதை நேராக்குவது கோட்டம் எடுப்பது.

அது நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிள். 1991இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் கிடைத்த ஆண்கள் சைக்கிளையே நிறையப் பேர் ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலருக்கு அதுவே பிடித்தும் இருந்தது. அப்படிப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளில் நானும் ஒருவன். அதனால் "எடைக்குப் போட்டுரலாம்" என்று வீட்டில் சொன்னபோது சரியென்று சொல்ல வாய் வரவில்லை.

கடைக்குக் கொண்டுபோனேன். "கோட்டம் எடுக்கலாம் சார், ஆனா அதுக்கு உக்காந்து வேலை பாக்க ஆள் இல்ல. வீலையே மாத்திருங்க, ரெடிமேடா கிடைக்குது" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோட்டம் எடுத்தால் கிடைக்கும் கூலியைவிடப் புதுச் சக்கரத்தை மாட்டினால் கிடைக்கும் லாபம் அதிகம். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று திரும்பி வந்தேன். வீடியோவில் பார்த்தால் ஐந்து நிமிட வேலை போலத்தான் இருந்தது.

சக்கரம் 1

முன் சக்கரம். 28க்கு ஒன்றரை அளவு, இரும்பு ரிம், 32 போக்ஸ் கம்பி. பின் சக்கரத்தில் 40 கம்பி. இந்தப் பழைய சைக்கிள்களில் கணக்கு அப்படித்தான்.

ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் மரை இருக்கும். அதில் ஒரு நிப்பிள், நட்டு மாதிரி. நிப்பிளின் தலை ரிம்மின் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும். திருகினால் கம்பி இறுகி, ரிம்மைத் தன் பக்கம் இழுக்கும். கம்பிகளில் பாதி ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) இடது விளிம்பிலிருந்தும் பாதி வலது விளிம்பிலிருந்தும் வருவதால், இடப்பக்கக் கம்பியை இறுக்கினால் ரிம் இடப்பக்கம் நகரும், வலப்பக்கத்தை இறுக்கினால் வலப்பக்கம். தத்துவம் மொத்தமும் இவ்வளவுதான்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயர் டியூப்பைக் கழற்றி, நிப்பிள்களுக்கு மண்ணெண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்து விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவன் பன்னிரண்டு மணிக்கு எழுந்தேன். ஆட்டம் ஒரு விரலிலிருந்து ஒன்றரை விரலாகியிருந்தது. மூன்று கம்பி முறிந்து, ஐந்து நிப்பிளின் மூலை மழுங்கி வட்டமாகிப் போயிருந்தது.

நடந்தது என்னவென்று பிற்பாடுதான் புரிந்தது. நிப்பிளை டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே திருகு எதிர்த் திசையாகத் தெரியும். நான் மேலிருந்து குனிந்து பார்த்துக்கொண்டே சக்கரத்தின் மேல் பகுதியிலும் கீழ்ப் பகுதியிலும் மாறி மாறி வேலை செய்தேன். மேலே இருக்கிற நிப்பிளை டயர் பக்கமிருந்தும் கீழே இருக்கிறதை ஹப் பக்கமிருந்தும் பார்க்கிறேன் என்பது மண்டையில் ஏறவில்லை. ஆக, மேலே இறுக்கினேன், கீழே இறுக்குவதாக நினைத்துத் தளர்த்தினேன். நான்கு மணி நேரமும் நானே கட்டி நானே அவிழ்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு எளிய வழி: வேலையை எப்போதும் ஒரே இடத்தில் செய்வது. ஃபோர்க்கின் பக்கத்தில் ஒரு இடத்தை வைத்துக்கொண்டு, கம்பியைத்தான் அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், நாம் சக்கரத்தைச் சுற்றி வரக் கூடாது. இப்போது எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அன்றைக்கு அது தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னது: "நான் சைக்கிள் பழகினப்ப மொத நாளு இதைவிட மோசம்டா. மைதானத்துல ஒரு வேப்பமரம்தான் இருந்துச்சு. அதுலயே போயி மோதினேன்."

மறுபடியும் சக்கரம் 1

முறிந்த கம்பிக்கு மட்டும் புதுக் கம்பி போடலாம் என்று பார்த்தால் மீதியும் துருப்பிடித்து மெலிந்திருந்தது. 32 புதுக் கம்பி, நிப்பிளோடு வாங்கினேன். முழுச் சக்கரத்தையும் பிரித்து, வெறும் ரிம்மும் வெறும் ஹப்புமாக ஆக்கிப் புதிதாகக் கோர்க்க வேண்டும்.

கோர்ப்பது கோட்டம் எடுப்பதைவிடச் சுலபம் என்பது என் அபிப்பிராயம். அதில் கணக்கு இருக்கிறது, கணக்கைப் பின்பற்றினால் போதும். 32 கம்பியை எட்டு எட்டாக நான்கு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். முதல் எட்டையும் ரிம்மில் நான்கு ஓட்டைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வரலாம். அடுத்த எட்டு மறுபக்க விளிம்பில். பிறகு ஹப்பைக் கொஞ்சம் திருகிவிட்டு மீதி பதினாறையும் எதிர்த் திசையில் சாய்த்துக் கோர்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் குறுக்கே கடக்கும். கூடை பின்னுகிறவர்கள் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

முதல் தடவை கோர்த்து முடித்து, டியூப்பை மாட்டிக் காற்றடிக்கப் போனால் பம்பின் வாய் உள்ளே நுழையவில்லை. வால்வு ஓட்டைக்கு நேர் மேலே இரண்டு கம்பி குறுக்கே சாய்ந்து நெருங்கி நின்றது. வால்வின் இரண்டு பக்கமும் கம்பிகள் கிட்டத்தட்ட இணையாகப் போக வேண்டும், அப்போதுதான் பம்புக்கு இடம் இருக்கும். முதல் கம்பியை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டதன் பலன். 32யும் கழற்றி மறுபடி கோர்த்தேன். இரண்டாவது தடவைக்குப் பாதி நேரம்கூட ஆகவில்லை. முதல் தடவை சரியாக வந்திருந்தால் எனக்குக் கோர்க்கத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் கோட்டம். சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்து, கையை ஃபோர்க்கில் ஊன்றி, ரிம்முக்கு மிக அருகில் அசையாமல் பிடித்துச் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினால், துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு மூன்று கம்பி அகலத்துக்கு இருந்தால், நடுக்கம்பிக்கு அரைச் சுற்று, இரண்டு பக்கத்துக்கும் கால் சுற்று. என் கம்பியில் அங்குலத்துக்கு 56 மரை. அப்படியென்றால் ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் நகர்வது 0.45 மி.மீ. கால் சுற்று என்பது 0.11 மி.மீ. விசிட்டிங் கார்டின் கனத்தைவிடக் குறைவு. இவ்வளவு சின்ன அளவில் வேலை நடக்கிறது என்று தெரியாமல்தான் முதல் நாள் முழுச் சுற்று முழுச் சுற்றாகத் திருகித் தள்ளினேன்.

இந்தச் சைக்கிளில் பிரேக் கம்பித்தண்டு பிரேக். பிரேக் கட்டை ரிம்மின் பக்கத்தைப் பிடிக்காது, ஹப்பைப் பார்த்த உட்பக்கத்தை மேல்நோக்கி அழுத்தும். அதனால் இதில் பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருந்தால் பிரேக்குக்குத் தெரியாது. ரிம் மேலும் கீழும் குதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பிடித்து விடும். நான் பக்கவாட்டையே துரத்தித் துரத்தி நேராக்கிவிட்டு, ஓட்டிப் பார்த்தால் பிரேக் 'தக் தக்' என்று இடித்தது. குதிப்பை முதலில் எடுக்க வேண்டும்: மேடான இடத்தில் இடம் ஒன்று வலம் ஒன்று எனச் சோடியாக இறுக்க வேண்டும். அதன்பிறகுதான் பக்கவாட்டு.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை கழித்து முன் சக்கரம் உருண்டது. சுமாராக.

நோட்டு

அதோடு விட்டிருக்கலாம். பின் சக்கரம் பாக்கி இருந்தது. அதில் கை வைக்க எனக்கே தைரியமில்லை. 40 கம்பி, போதாக்குறைக்கு, பிரீவீல் (செயின் மாட்டுகிற பல்சக்கரம்) பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நின்று அதிக இழுவை வாங்கும், மறுபக்கத்துக் கம்பிகள் சாய்வாக நின்று குறைவாக வாங்கும். இதை எடுப்பதற்கு முன்னால் வேறு சக்கரங்களில் கை பழக வேண்டும் என்று தோன்றியது.

திருக்கோகர்ணம் பக்கம் வேப்பமரத்தடியில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். அறுபது வயதுக்கு மேல். அவரிடம் ஓரத்தில் போட்டு வைத்திருந்த கோணல் சக்கரங்களைக் கேட்டேன். "எதுக்கு தம்பி?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டு இரண்டைக் கொடுத்தார். "சரியா எடுத்துட்டு வா. ஓடுனா வித்துருவேன். பாதி உனக்கு." அந்தப் பாதி இன்றுவரை வரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு கோடு போட்ட நோட்டில் கட்டம் கட்டினேன். சக்கரத்தின் எண், தொடங்கும்போது ஆட்டம் எத்தனை மி.மீ., முடிக்கும்போது எத்தனை, எவ்வளவு நேரம், எத்தனை கம்பி முறிந்தது, கடைசியாக ஒரு கட்டம்: 'என்ன தப்பு'. இந்தக் கடைசிக் கட்டம்தான் நோட்டிலேயே உருப்படியானது. நான்காவது சக்கரத்துக்கு நேரே, "இறுக்க மட்டும் செய்தேன், தளர்த்தவே இல்லை" என்று எழுதியிருக்கிறது. இறுக்கி இறுக்கி நேராக்கினால் ஒரு கட்டத்தில் எல்லாக் கம்பியும் விண்ணென்று நிற்கும், நிப்பிள் மூலை மழுங்கும், ரிம் மட்டும் பிடிவாதமாகக் கோணும். வலப்பக்கம் துருத்தினால் இடப்பக்கத்தை இறுக்குகிற அளவுக்கு வலப்பக்கத்தைத் தளர்த்தவும் வேண்டும். ஏனோ கைக்குத் தளர்த்தப் பிடிப்பதில்லை. இறுக்கினால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும், தளர்த்தினால் செய்ததைக் கெடுக்கிற மாதிரி இருக்கும்.

நான்காவது சக்கரம் இரண்டு மணி பத்து நிமிடம். எட்டாவது ஐம்பது நிமிடம். மளமளவென்று இறங்கியது. ஒன்பதாவது நாற்பத்தைந்து.

அங்கேயே நின்றுவிட்டது.

நாற்பது நிமிடச் சுவர்

ஒன்பதிலிருந்து பதினேழு வரை நோட்டைப் பார்த்தால் 45, 40, 50, 42, 40, 45, 40, 41, 43. ஒன்பது சக்கரம், ஏறக்குறைய மூன்று மாதம், ஒரு முன்னேற்றமும் கிடையாது. 'என்ன தப்பு' கட்டத்திலும் வெறும் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். தப்பே இல்லையாம்.

நடுவில் பன்னிரண்டாவது சக்கரம் மானத்தை வாங்கியது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பள்ளிச் சைக்கிள், அரசு கொடுத்தது. வேகத்தடையில் ஏற்றி வளைத்திருந்தாள். அண்ணன் அதை என்னிடம் தள்ளிவிட்டார். நேராக எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலமே திரும்பி வந்தாள். "அண்ணா, ஏறி உக்காந்து மிதிச்சதும் டிக் டிக்குனு சத்தம் கேட்டுச்சு. இப்ப பழையபடி ஆடுது."

நிப்பிளைத் திருகும்போது, மரை இறுக்கமாக இருந்தால் கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். நாம் கால் சுற்று இறுக்கியதாக நினைப்போம். நிப்பிள் மரையில் நகர்ந்திருக்காது, கம்பி முறுக்கேறி நின்றிருக்கும். சக்கரத்தில் பாரம் ஏறியதும் அந்த முறுக்கு அவிழும். 'டிக் டிக்' அதுதான். அவிழ்ந்ததும் ரிம் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். இதற்கு வைத்தியம், மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய், வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டுத் திரும்பி வருவது, முடித்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்திப் பிழிவது. முறுக்கெல்லாம் நம் கையிலேயே அவிழ்ந்துவிடும், அதன்பின் ஒரு தடவை சரிபார்த்தால் போதும். அண்ணன் இதை என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். காதில் விழுந்தது, கைக்கு வரவில்லை.

பதினேழாவதை எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஐந்து நிமிடம் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. "தம்பி, நீ எட்டு மாசமா ஒரே சக்கரத்தைத்தான் எடுத்துக்கிட்டு இருக்க" என்றார். கோபம் வந்தது. பிறகு யோசித்தால், உண்மை. சாக்பீஸ் கோடு விழுந்த இடத்துக்குப் போவது, திருகுவது, அடுத்த கோடு. எந்தச் சக்கரமாக இருந்தாலும் அதே வரிசை, அதே கை. கையும் ஓடிக்கொண்டிருந்தது, மனசு வேறெங்கோ.

1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் இருவரும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து எழுதியது பிரபலமானது. அவர்களில் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தார்கள் என்ற கணக்கு அதிலிருந்து வந்ததுதான். ஊரெல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. எரிக்சன் அழுத்திச் சொன்னது வேறு: இன்னது வரவில்லை என்று கண்டுபிடித்து, அதை மட்டும் குறிவைத்து, தப்பு உடனுக்குடன் தெரிகிற மாதிரி செய்கிற சாதகம். தினமும் பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் வருடா வருடம் மேலும் மேலும் நல்ல டிரைவர் ஆகிக்கொண்டே போவதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று எழுதியிருக்கும். கெட்டதும் கைப்பழக்கம்தான், அதை எந்தச் சுவரிலும் எழுதுவதில்லை.

கண்ணைக் கட்டி

அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்திருக்கிறது. அதற்கு முன்னால் சில வருடம் சாக்பீஸ் கோடே அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில்தான் முழுக்கக் காதால் வேலை செய்யப் பழகினாராம். "கண்ணு தெரிஞ்சா சோம்பேறித்தனம் வரும்" என்பார். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி இது: நேராக இருக்கிற சக்கரம் ஒன்றை எடுத்து, நான் திரும்பி நிற்கும்போது ஏதோ மூன்று நிப்பிளை அரைச் சுற்று மாற்றுவார், சிலதை இறுக்கி, சிலதைத் தளர்த்தி. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும்.

கம்பியை நிப்பிளுக்குப் பக்கத்தில் நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று ஒரு சுருதி வரும். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். நடுவில் சுண்டினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அதிரும், குழப்பும். முதல் நாள் மூன்றில் ஒன்றைத்தான் பிடித்தேன், பாவம் ஒன்றும் அறியாத இரண்டு கம்பியின் மேல் பழி போட்டேன். அவர் உடனே "இது இல்ல" என்பார், "இது" என்று அசல் கம்பியைச் சுண்டிக் காட்டுவார். மறுபடி நான் சுண்ட வேண்டும், இந்தத் தடவை பதில் தெரிந்துகொண்டு. அந்த இரண்டாவது சுண்டலில்தான் காதில் ஏதோ ஏறியது.

இதில் ஒரு கணக்கு உண்டு. கம்பியின் இழுவை இரண்டு மடங்கானால் சுருதி இரண்டு மடங்காகாது. இழுவையின் வர்க்கமூல அளவுக்குத்தான் ஏறும், 1.41 மடங்கு. சங்கீதக் கணக்கில் சொன்னால் ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம் வரை. இழுவை பன்னிரண்டு சதவீதம் கூடினால் ஒரு அரைச் சுருதி ஏறும், அதாவது ஸட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள தூரம். கச்சேரிக்குப் போகாதவர் காதுக்குக்கூட அரைச் சுருதி கேட்கும். சந்தேகத்துக்கு ஃபோனில் சுருதி காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுச் சரிபார்த்தேன். அண்ணன் ஃபோனை எட்டிப் பார்த்துவிட்டு, "அது சொல்றதுக்கு முன்னால நீ சொல்லு, அப்புறம் அதைப் பாரு" என்றார். வரிசை மாறினால் பயிற்சி போச்சு.

இன்னொரு கட்டுப்பாடும் போட்டார். ஒரு சக்கரத்துக்கு நிப்பிள் சாவியைப் பத்துத் தடவைதான் வைக்கலாம். அதற்கு முன் ஒரு சுற்று முழுக்கச் சுண்டிப் பார்த்து, எந்தக் கம்பி சோம்பேறி, எது அளவுக்கு மீறி இழுக்கிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ள வேண்டும். துருத்தல் தெரிகிற இடமும் தப்புச் செய்த கம்பி இருக்கிற இடமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. எதிர்ப்பக்கத்தில் தளர்ந்த ஒரே ஒரு கம்பியால் இந்தப் பக்கம் துருத்தலாம். அதை விட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நான்கு நிப்பிளைத் திருகிச் சரிக்கட்டுவதுதான் நான் மூன்று மாதமாகச் செய்தது. சக்கரம் நேராகத் தெரியும், உள்ளே இழுவை கண்டபடி இருக்கும், பத்து நாளில் மறுபடி கோணும்.

இப்படிச் செய்ய ஆரம்பித்ததும் நேரம் குறையவில்லை, கூடியது. பதினெட்டாவது சக்கரம் ஒரு மணி ஐந்து நிமிடம். பத்தொன்பது, ஐம்பத்தைந்து. நோட்டைப் பார்த்தால் பின்னால் போகிற மாதிரி இருந்தது. இருபத்தொன்றில் முப்பத்தைந்து. இருபத்து மூன்றில் இருபத்தாறு நிமிடம், ஏழு திருகு. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு சூரியன் வரைந்து வைத்திருக்கிறேன், நாற்பது வயதில்.

இடைவெளி

ஐப்பசி மழையோடு வேலையில் வேறு ஊர்ப் பொறுப்பு வந்தது. நான்கு மாதம் சாவியைத் தொடவில்லை. தை கழிந்து வந்து இருபத்து நான்காவதை எடுத்தால் ஒன்றே கால் மணி நேரம். திருகும் திசை, சோடி, முறுக்கு அவிழ்ப்பது எதுவும் மறக்கவில்லை. காதுதான் மழுங்கியிருந்தது, எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி கேட்டது. ஆனால் இருபத்தாறாவது சக்கரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். முதல் தடவை இதே இடத்துக்கு வர இருபதுக்கு மேல் ஆனது. 1885இலேயே ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்மேல் தானே சோதனை செய்து இதை எழுதியிருக்கிறார்: மறந்துவிட்டது போலத் தெரிவதை மறுபடி கற்க, முதல் தடவையைவிடக் குறைவான நேரம்தான் பிடிக்கும். அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமில்லாத அசைகளை. என்னுடையதாவது 'டிங்' என்ற அர்த்தமுள்ள அசை.

சக்கரம் 31

கடைசியில் அம்மாவின் பின் சக்கரம். புதுக் கம்பி 40, எல்லாம் கோர்த்து, வால்வு ஓட்டைக்கு இடம் விட்டு, கோட்டத்துக்கு வந்தேன். பிரீவீல் பக்கத்துக் கம்பிகள் ஒரு சுருதி, மறுபக்கம் அதைவிடத் தணிந்த சுருதி. ஒரு காலத்தில் இதைச் சமமாக்க வேண்டும் என்று நினைத்து மல்லுக்கட்டியிருப்பேன். அந்தந்தப் பக்கம் தனக்குள் ஒத்துப்போனால் போதும். ரிம் இரண்டு பக்க நட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று சக்கரத்தைத் திருப்பித் திருப்பி மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் இரண்டு மி.மீ. தள்ளி இருந்தது. பிரீவீல் பக்கத்து இருபது கம்பிக்கும் ஆளுக்குக் கால் சுற்று.

ரிம்மின் ஒட்டு இருக்கிற இடத்தில் ஒரு சின்ன மேடு. பற்றவைத்த இடம், இரும்பே அப்படி. ஐந்தாவது சக்கரத்தில் இதே மாதிரி ஒரு ஒட்டைத் துரத்திப் பக்கத்துக் கம்பிகளையெல்லாம் கெடுத்தேன் என்று நோட்டில் இருக்கிறது. இந்தத் தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த இடத்தைத் தவிர்த்துப் பக்கவாட்டு ஆட்டம் அரை மி.மீ.க்குள். குதிப்பு பிரேக் கட்டைக்குத் தெரியாத அளவு. முப்பத்தெட்டு நிமிடம், கோர்த்தது தனி. கம்பிகளைப் பிழிந்தேன், இரண்டு இடத்தில் 'டிக்' என்றது, மறுபடி சரிபார்த்தேன்.

அண்ணனிடம் உருட்டிக்கொண்டு போனேன். சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. சைக்கிளை லேசாகத் தூக்கிச் சுழலவிட்டு, நகத்தை நீட்டிக் கம்பிகளில் 'டிரிரிர்' என்று ஓடவிட்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது கொஞ்சம் தூங்குது" என்றார். நான் கேட்டேன். எனக்கு இன்னும் அது தூங்குவதாகத் தெரியவில்லை. ஆப்பைத் திறந்து பார்த்தால் பக்கத்துக் கம்பிகளைவிட அரைச் சுருதியில் பாதிக்கும் குறைவாகத் தணிந்திருந்தது. அவர் ஐம்பது வருடமாகச் சுண்டுகிறார். நோட்டில் அந்தக் கம்பியின் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சைக்கிளை வாசலில் நிறுத்தினேன். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது காலைப் பின்னால் வீசிப் போட்டு ஏறினார். பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல். ரேஷன் கடை முக்கு வரை போய் வந்தார். இறங்கி, ஸ்டாண்டு போட்டுவிட்டு, பின் சக்கரத்தைப் பார்க்கவேயில்லை.

"வீலு நல்லா இருக்கு. மிதிக்கறப்ப அடியில கடக்கு கடக்குனு ஒரு சத்தம் வருதே, அது என்னடா?"

அது பெடல் தண்டை அச்சோடு இறுக்குகிற காட்டர் பின்னாக இருக்கும், இல்லையென்றால் உள்ளே பால்ஸ் தேய்ந்திருக்கும். நான் இதுவரை பிரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, கட்டம் கட்டியிருக்கிறேன்.